மலைக்கோட்டைப் படியும் என் வலது காதும்

ஊர் சுற்றுகிற ஆசையில் நாங்கள் திருச்சிக்குக் கிளம்பவில்லை. மூன்று மாதமாக என் வலது காதுக்குள் ஒரு சத்தம். எங்கள் குளித்தலையில் இரண்டு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. இரண்டு இடத்திலும் நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, “கொய்ங்னு இரைச்சலா இருக்காம் சார்” என்று சொல்லிவிட்டார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஊற்றி ஊற்றித் தலையணைதான் நனைந்தது. தை மாதத்தில் ஒரு நாள், தில்லைநகரில் காது டாக்டரிடம் மாலை நான்கு மணிக்கு நேரம் கிடைத்தது. போகிறதுதான் போகிறோம், சாமியையும் பார்த்துவிடலாம் என்றார் இவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

காலை ஏழே முக்காலுக்குப் பாசஞ்சர். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய். ரயிலின் தடக் தடக்கில் காதுச் சத்தம் அமுங்கிப்போனதால் அந்த ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் சத்தம் திரும்பி வந்துவிட்டது.

மலைக்கோட்டை அடிவாரத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். “அக்கா படி ஏறிடுவாங்களா சார்?” என்று டிரைவர் கேட்டார். “அதெல்லாம் ஏறிடுவா” என்றார் இவர். ஏறப்போவது யார் கால் என்று இருவருமே யோசிக்கவில்லை.

நானூறு சொச்சம் படி. பாதி ஏறியதுமே காதுக்குள் தடதடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. உச்சிப் பிள்ளையார் சன்னதிக்கு வெளியே உட்கார்ந்தேன். கீழே காவிரி, பாதி மணல். மூச்சு அடங்க அடங்க, தடதட மெல்லத் தக் தக் ஆனது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் இவர் முறுக்கு வாங்கி வந்து நீட்டினார், தின்றேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம், இவருக்கு மட்டும் டிக்கெட். உத்திர வீதியில் நுழைந்தால் சாமி புறப்பாடு, கூட்டம். “பெருமாள் ஏள்றார். சித்த தள்ளி நின்னு சேவிச்சுக்கோங்கோ” என்று ஒரு மாமி இடம் விட்டார். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சும்மா தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். பல்லக்கைச் சுமக்கும் தாங்கிகள் எல்லோரும் ஒன்றாகக் காலை எடுத்து வைத்து, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று அசைந்து அசைந்து வருவார்கள். மேளமும் அதற்குத் தோதாக வாசிக்கும். வீதியே அந்த நடையில் ஆடியது. என் காது மட்டும் சேரவில்லை, அது பாட்டுக்குத் தனியாக அடித்தது. யாருடைய தாளம் இது என்று கைநாடியில் விரலை வைத்தேன். இரண்டும் ஒன்றாக அடித்தன. பெருமாள் கடந்து போய்விட்டார். நான் கும்பிடக்கூட இல்லை.

தில்லைநகரில் நான்கு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா என்ன தொந்தரவு என்று கேட்டார். “கொய்ங்னு...” என்று இவர் ஆரம்பித்தார்.

“கொய்ங்னு இல்லைங்க” என்றேன். “தக் தக்னு அடிக்குது மேடம். படி ஏறினா தடதடன்னு ஓடுது. உக்காந்தா அடங்குது. நாடி புடிச்சுப் பாத்தேன், ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்குது.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஸ்டெதஸ்கோப்பை என் காதுக்குப் பின்னால் வைத்து நெடுநேரம் கேட்டார். “எனக்கும் கேக்குதும்மா” என்றார்.

அழுதுவிட்டேன். மூன்று மாதத்தில் அதை இன்னொருவர் கேட்டது அன்றுதான். அது நல்ல செய்தி இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ரத்தக்குழாயில் கோளாறு இருக்கலாம், தலைக்கு ஸ்கேன் எடுக்கணும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். இவருக்கும் கேட்கக் கொடுத்தார். இவர் என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார். அந்தக் கை தக் தக்குக்குச் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

வைத்தியத்துக்காகத் திருச்சி போகிறவர்களுக்கு: காலையிலேயே மலை ஏறிவிடுங்கள், வெயிலில் படி சுடும். மத்தியானம் நடை சாத்துவார்கள், அதற்குள் ஸ்ரீரங்கம் போய்விடுங்கள். தில்லைநகருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். டாக்டரிடம் உங்கள் வலியை நீங்களே சொல்லுங்கள். கொய்ங்கென்றால் கொய்ங், தக் தக்கென்றால் தக் தக். கூட வந்தவர் பையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஸ்கேன் வருகிற செவ்வாய்க்கிழமை. அதுவரை தினமும் காலையில் காப்பியை வைத்துவிட்டு, “அடிக்குதா?” என்று இவர் கேட்கிறார். “அடிக்குதுங்க” என்கிறேன். அது நின்றுபோனால் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று டாக்டரம்மாவிடம் கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.