நாகவல்லியின் பித்தளை எழுத்து

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெயர்த்தகடு செய்யும் பட்டறை ஒன்றில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த கோதண்டத்துக்கு, அறுபத்தெட்டாம் வருஷம் வலது கையில் மூன்று விரல்கள் போயின. வேலையும் போயிற்று. வீட்டில் உட்கார்ந்தவன் எதற்கெடுத்தாலும் மனைவி நாகவல்லிமேல் எரிந்து விழுந்தான்.

பம்பு, மோட்டார்களில் பொருத்துகிற பித்தளைத் தகடுகளில் ஆசிட் ஊற்றி எழுத்தை அரிக்கவைப்பது பட்டறை வழக்கம். ஆசிட்டே வேண்டாம், உப்புத் தண்ணீரும் பேட்டரியும் போதும் என்று எவரோ ஒரு இன்ஜினியர் சொன்னது கோதண்டத்தின் நினைவில் இருந்தது. பழைய லாரி பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து முயன்றான். எழுத்தெல்லாம் பூசணம் பிடித்தாற்போல் வந்தது. தொட்டியை எட்டி உதைத்துவிட்டு வெளியே போனான்.

நாகவல்லி கொட்டிய தண்ணீரைத் துடைத்தாள். பிறகு அவளே உட்கார்ந்தாள்.

தகட்டில் மெழுகை உருக்கிப் பூசி, ஊசியால் எழுத்தைக் கீறினாள். பேட்டரியின் ஒரு கம்பியைத் தகட்டிலும் இன்னொன்றைத் தகரத் துண்டிலும் கட்டி, இரண்டும் ஒட்டாமல் உப்புத் தண்ணீரில் இறக்கினாள். கீறிய இடத்தை மட்டும் தண்ணீர் தின்றது. பத்துத் தகடு பாழான பிறகுதான் பிடிபட்டது: தண்ணீர் சூடேறினால் மெழுகு தூக்கிக்கொள்கிறது; அதற்குள் எடுத்து ஆறவிட வேண்டும். இங்கிலீஷ் அவளுக்குப் படிக்கத் தெரியாது. பார்த்து எழுத வந்தது.

கோதண்டம் தகடுகளைப் பட்டறையில் காட்டினான். மூன்று வருஷம் வேலை வீடு தேடி வந்தது. யார் செய்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

ஒருநாள் முதலாளி ராஜசேகரனே வாசலில் வந்து இறங்கினார்.

"எந்திரி, எந்திரி. போயி காப்பி போடு" என்று அவளைக் கிளப்பிவிட்டு, கோதண்டம் அவள் இடத்தில் உட்கார்ந்து இடது கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டான்.

அவள் காப்பியோடு வந்தபோது முதலாளி தொட்டிமேல் குனிந்திருந்தார். "ஒத்தக் கையால இவ்ளோ சுத்தமா! நீ பட்டறையில இருக்க வேண்டிய ஆளுப்பா."

நாகவல்லி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் தொட்டியும் பேட்டரியும் சைக்கிள் ரிக்ஷாவில் ஏறிப் போயின. கோதண்டம் நாலு பேருக்கு மேஸ்திரி ஆனான். சாயங்காலம் வந்ததும் கேட்பான்: "எழுத்து கலங்கிப் போவுது. இன்னா பண்றது?"

அவள் சொல்வாள். ஒருமுறை, "என்னையும் இட்டுகினு போயேன். நானே பண்ணிக் காட்றேன்" என்றாள்.

"பொம்பளைக்கு அங்க இன்னா வேல? நாலு பேரு முன்னால நா அசிங்கப்படணுமா?"

சில மாதங்களில் கேட்பதை நிறுத்திவிட்டான். கற்றுக்கொண்டுவிட்டான்.

அந்த வருஷ ஆயுதபூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். பட்டறைச் சுவரில் புதிதாய் ஒரு பித்தளைத் தகடு. அதில் மேஸ்திரி கோதண்டம் என்று எழுதி மாலை போட்டிருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். 'ண்'ணின் சுழி கலங்கியிருந்தது. நாகவல்லியின் கண் அங்கேயே நின்றது. பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

தை பிறந்ததும் பக்கத்து வீட்டு ஜமீலா, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் குடத்தோடு வந்தாள். "நம்ம பொண்ணு பேரு எழுதிக் குடும்மா."

"எனக்குத் தெரியாதுக்கா. அதெல்லாம் அவரு வேல."

"இன்னாடி சொல்ற? நீ குந்திகினு எழுதுனத நா எத்தினி நாளு பாத்துக்கீறேன்!"

"தெரியாதுக்கா."

ஜமீலா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த கோதண்டத்தின் காதில் எல்லாம் விழுந்தது. அவன் வெளியே வரவில்லை.