இறக்கைக்கு அடியில் கறுப்பு

எழுபதுகளின் கடைசியில், லீவு நாளெல்லாம் பறவை பார்க்கிறேன் என்று சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் அலைவேன். அங்கே ஆடு மேய்க்கும் ஒருவர் ஒருநாள் டீக்கடையில் என்னிடம் ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, புதுசா ஒரு குருவி. மண்ணு கலரு. குடுகுடுன்னு ஓடுது, நின்னு எட்டிப் பாக்குது. பறந்தா றெக்கைக்கு அடியில பூராவும் கரி.”

நான்கு நாள் தேடினேன், கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் அதே கடையில், எல்லோர் முன்னாலும், “ஓசி டீக்குப் பொய் சொல்லுதீரோ வே?” என்று கத்தினேன். கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் பொய்க்குருவி.

எண்பதுகளில் சவூதிக்கு வேலைக்குப் போனேன். நாங்கள் தங்கிய கொட்டகைக்குப் பின்னால், தேடாமலே, அந்தப் பறவை கூட்டமாக ஓடியது. பறந்தபோது இறக்கைக்கு அடியில் முழுக்கக் கறுப்பு.

லீவில் வந்ததும் அவரைத் தேடிப் போய், பார்த்ததைச் சொன்னேன்.

“அங்கன நீங்க பாத்தா நம்புவாக. இங்கன நான் பாத்தா?” என்றார். “கடையில வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி. எம் மகளையும் பொய்க்குருவி மவளேன்னுதான் கூப்புடுதானுவ.”

சரி என்று முன்னால் நடந்தேன். கடையில் அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று எனக்கு வாய் வரவில்லை. அவர் ஆடுகளை அடைத்துவிட்டு வருவதற்குள் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.