அக்கா கொடுத்த சிறுநீரகம், நான் கொடுத்த மாத்திரை

அறுவை அரங்குக்கு வெளியே நடைவழியில் காத்திருந்தோம். மருத்துவர் வந்து, "புது கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு, யூரின் வருது" என்றார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லா காப்பாத்திட்டா" என்று அழுதார். நானும் அழுதேன். அந்தப் பெயர் என் பெயராக இருந்திருக்கலாமே என்றும் தோன்றியது.

ஸ்டெல்லா, என் கணவர் அருளின் அக்கா. குரோம்பேட்டையில் இருக்கிறார். அருளுக்குச் சிறுநீரகம் தர முதலில் முன்வந்தது நான்தான். ரத்த வகை பொருந்தவில்லை. அக்காவுக்கு எல்லாமே பொருந்தியது. என்னைப் போலத் துணைக்கு உறுப்பு தர முடியாமல் போனவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மருத்துவமனையில் தொற்றைப் பற்றி எச்சரிப்பார்கள். பொறாமையைப் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

சிட்லபாக்கம் வீட்டுக்குத் திரும்பியதும் வேலைகளை வரிசைப்படுத்திக்கொண்டேன். மென்பொருள் சோதிப்பது என் தொழில். வரிசை இருந்தால்தான் மனம் நிற்கும். கொதித்து ஆறிய நீர், தனித் துண்டு, முகக்கவசம், உறவினர்களை வாசலிலேயே நிறுத்துவது. எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை (புதிய உறுப்பை உடல் அந்நியமென்று தாக்காமல் தடுப்பது). காலையும் இரவும் தவறாத நேரத்தில், என் கையால்தான் கொடுப்பேன்.

சரியாக அப்போது அக்காவின் போன் வரும்.

"டேய், மாத்திரை போட்டியா? உள்ள இருக்கிறது என் பொருள், ஞாபகம் வச்சுக்கோ."

"வாடகை வேணுமாக்கா?" என்று அருள் சிரிப்பார். நான் டம்ளரோடு நிற்பேன்.

வெளியே போகலாம் என்று அனுமதி கிடைத்ததும் அருள் சர்ச்சில் சாட்சி சொன்னார். கர்த்தருக்கு நன்றி, டாக்டர்களுக்கு நன்றி, அக்காவுக்கு நன்றி. அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். சபையே கைதட்டியது. "வீட்டில் இருக்கிற எல்லாருக்கும்" என்று முடித்தார். அந்த எல்லாரில் நான் இருந்தேன்.

பிறகு ஒரு நாள் மருந்தளவுப் பரிசோதனை (முந்தைய வேளை மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது). ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை போட வேண்டும். நான் வண்டியை நிறுத்தப் போன இடைவெளியில் அக்கா போன் செய்திருக்கிறார். அருள் பழக்கத்தில், நான் அவரிடம் விட்டுப்போன பையிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்துவிட்டார்.

அளவு மிக அதிகமாக வந்தது. மருந்தைக் குறைக்க எழுதப்போன மருத்துவர் நிமிர்ந்து, "மாத்திரை போட்டுட்டா வந்தீங்க?" என்றார்.

"இவங்க அக்கா போன் பண்ணாங்க டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். சொல்ல இனிப்பாக இருந்தது.

"போன் யார் பண்ணா என்னம்மா? முழுங்கினது யாரு?"

"நான்தான் சார்" என்றார் அருள்.

"இத நம்பி டோஸைக் குறைச்சிருந்தா, உடம்பு அந்த கிட்னிய ஏத்துக்காமப் போயிருக்கலாம். இனிமே உங்க மாத்திரை உங்க பொறுப்பு. இவங்களுக்கெல்லாம் லீவு விடுங்க."

வெளியே வந்ததும் அருள் போனை எடுத்தார். "அக்கா, இனிமே மாத்திரைக்கு போன் பண்ணாத. நானே பாத்துக்கறேன்." என் முகத்தில் வந்த சிரிப்பை மறைக்கக் குனிந்தேன். போனை வைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "டப்பாவ குடு, பிரியா."

கொடுத்தேன்.

அவர் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், மாத்திரை நேரத்தில் ரயிலில் இருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நாளின் மற்ற நேரமெல்லாம் தானாக நகர்கிறது. அந்த நேரத்தை மட்டும் நான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

போன் அடித்தது. அக்கா.

"உனக்கு போன் பண்ணினானா?"

"இல்லக்கா. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல."

எனக்கு அதில் சந்தோஷம். அவர் குரலிலும் அதுவே இருந்தது.

"தையல் போட்ட இடம் இன்னும் இழுக்குதுடி" என்றார் பிறகு. "அவன்கிட்ட சொல்லிடாத."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். இத்தனை நாளில் அதை நான் கேட்டதில்லை. அவர் சொல்லத் தொடங்கினார். மாத்திரை நேரம் தாண்டும்வரை இருவரும் போனை வைக்கவில்லை.