தஸ்லீமின் இடது பக்கம்

புதிதாக ஸ்கூட்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்கு பிரேக்கை மெல்லப் பிடிக்க வராது. எதிரே ஒரு நாய் வந்தால் போதும், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துவிடுவார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் தஸ்லீம் அப்படியே முன்னால் போய் அவர்கள் முதுகில் மோதுவாள்.

உப்பளம் பக்கத்து மைதானத்தில் அவள் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். வீடு முல்லா வீதியில். கணவர் முஹம்மது ஆரிப்புக்கு நேரு வீதியில் பேக் கடை. அவளுக்கு நாற்பத்து நாலு வயசு. எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்க அவளிடம் பழகிப் போன பெண்கள் ஊரில் நிறையப் பேர்.

போன வருஷம் மழை முடிந்த சமயம், அந்த மோதலில் ஒரு வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. அவளுடைய இடது மார்பு அவளுடையது இல்லை. முப்பத்தெட்டு வயசில் கேன்சர் வந்து அதை எடுத்தபோது, அதே ஆபரேஷனில் சிலிகான் இம்ப்ளான்ட் வைத்தார்கள். யாரும் வற்புறுத்தவில்லை, அவளேதான் கேட்டு வைத்துக்கொண்டாள். குளிக்கும்போது குனிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. அது நிறைவேறவும் செய்தது. பல நாள் அவளுக்கு அந்த ஞாபகமே வராது. அந்தப் பக்கம் தோலில் உணர்ச்சி கிடையாது. கிள்ளினாலும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில், எங்கேயோ ஆழத்தில், இப்போது வலித்தது. மோதிய வலி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோன்ற இறுக்கம் நாள் முழுக்க இருந்தது.

தஸ்லீமுக்கு எதையும் நோண்டிப் பார்க்கிற சுபாவம். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கிப் பார்த்தாள். இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். வலது பக்கம் உள்ளே போனது. இடது பக்கம் கொய்யாக்காய் மாதிரி நின்றது. மார்கழிக் காலையில் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால், சூடாக டீ குடித்த பிறகும் கையால் தொட்டால் அந்தப் பக்கம் மட்டும் சில்லென்று இருக்கும். ‘எனக்குள்ளதானே இருக்கு? என் சூடு அதுக்கு ஏன் ஏற மாட்டேங்குது?’ என்று யோசிப்பாள்.

கேன்சர் திரும்பிவிட்டதோ என்ற பயமும் இல்லாமல் இல்லை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி ஏதும் இல்லை, இம்ப்ளான்ட்டும் உடையவில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் இருந்த டாக்டரம்மா ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார்.

“வெளிப்பொருள் எது உள்ள வந்தாலும் உடம்பு அதைச் சுத்தி ஒரு உறை பின்னிக்கும்மா. எல்லாருக்கும் அப்படித்தான். சில பேருக்கு அந்த உறை போகப்போகச் சுருங்கும். அதான் இறுக்குது. யார் செஞ்ச தப்பும் இல்ல.”

“அப்ப இது நான் பின்னுனதா டாக்டர்?”

“உங்க உடம்பு பின்னுனது.”

வலி பொறுக்க முடிந்தால் அப்படியே விட்டுவிடலாம். உறையை எடுத்துவிட்டுப் புதிய இம்ப்ளான்ட் வைக்கலாம், ஆனால் மறுபடி இறுகாது என்று உறுதி சொல்ல முடியாது. வயிற்றுச் சதையை எடுத்து மார்பு செய்யலாம், அது பெரிய ஆபரேஷன். இல்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தட்டையாகத் தைத்துவிடலாம். “அவசரம் ஒண்ணும் இல்ல, யோசிச்சு வாங்க” என்றார் டாக்டர்.

தஸ்லீம் யோசித்தாள். தட்டையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து இடது பக்கத்தை மறைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். தட்டுதான் பளபளவென்று தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம்தான் ஏலேன் வகுப்பில் சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் அல்பேரும் அவரும் முப்பது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார்கள். மார்க்கெட்டுக்குப் போக ஒவ்வொரு தடவையும் அல்பேரைக் கெஞ்ச முடியாது என்று வண்டி பழக வந்திருந்தார். மூன்றாவது நாள் ஏலேன் பிரேக்கைப் பிடித்த பிடியில் தஸ்லீம் மோதி, “யா அல்லாஹ்” என்று மார்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஏலேன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “பார்தோன், மன்னிச்சுக்குங்க டீச்சர். உங்க இடது பக்கம் என் முதுகுல கல்லு மாதிரி பட்டுச்சே. சிலிகானா?”

தஸ்லீம் வண்டியிலிருந்து இறங்கினாள். அந்தச் சொல்லை ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரும் அவளிடம் சொன்னதில்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் இருந்துச்சு. எடுத்துட்டேன்.” சேலை முந்தானையைத் தட்டிக் காட்டினார். “இங்க ஒண்ணுமில்ல. உள்ள பஞ்சு.”

தஸ்லீம் அவரையே பார்த்தாள். கேட்கக்கூடாது என்று தெரியும், ஆனாலும் கேட்டுவிட்டாள். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நான் ஒருவாட்டி பாக்கலாமா?”

ஏலேன் சிரித்தார். “சாயங்காலம் வீட்டுக்கு வா.”

லபோர்தொனே வீதியில் வீடு. அல்பேரை ரொட்டி வாங்க அனுப்பிவிட்டு ஏலேன் கதவைச் சாத்தினார். தஸ்லீம் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். ஒரு நீளத் தழும்பு. அக்குளுக்குப் பக்கத்தில் சின்னக் குழி. கொஞ்சம் சுருக்கம். அவள் பயந்ததுபோல எதுவும் இல்லை. அழகாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

“எடுத்தப்புறம் வருத்தமா இருந்துச்சா?”

“இல்லாமயா? கொஞ்ச நாள் கண்ணாடி பக்கமே போவல.”

“வலி முழுசாப் போயிடுச்சா?”

“இறுக்கம் போச்சு. ஆனா அரிக்கும். தொட்டா உணர்ச்சி இல்ல, ஆனா அரிக்கும். சொறிஞ்சாலும் அடங்காது.”

“எனக்கும்கா!” என்றாள் தஸ்லீம். ஆறு வருஷமாக இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்து அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கிளம்பும்போது ஏலேன் அவள் கையைப் பிடித்தார். “நான் எடுத்தேன்னு நீ எடுக்காத. என்கூட ஆஸ்பத்திரியில இருந்தவ புதுசு வச்சுக்கிட்டா. நல்லாத்தான் இருக்கா.”

வீட்டில் பேச்சு எடுத்தபோது ஆரிப்பின் அக்கா பதுருன்னிசாவுக்குப் புரியவே இல்லை. “அவ்ளோ கஷ்டப்பட்டு வச்சதை ஏன் எடுக்கணும்? வெளிய யாருக்குத் தெரியுது?”

“எனக்குத் தெரியுதுக்கா. கையைத் தூக்கினா தெரியுது, தும்மினா தெரியுது.”

ஆரிப் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அவ உடம்பு. அவ சொல்றதுதான்” என்றார். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று தஸ்லீமால் கண்டுபிடிக்க முடியவில்லை.

புதியது வைப்பதா, தட்டையாக விடுவதா என்று கொஞ்ச நாள் அல்லாடினாள். மறுபடி இறுகுமா என்று மறுபடி காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. ரம்ஜான் முடிந்ததும் எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னாள். ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். “எடுத்ததை எனக்குக் காட்டணும்.”

ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் ஒரு டப்பாவில் கொண்டுவந்து காட்டினார். கையுறை மாட்டச் சொல்லி உள்ளங்கையில் வைத்தார். தஸ்லீம் அமுக்கினாள். விரல் உள்ளே போனது. மெத்தென்று, கண்ணாடிபோலத் தெளிவாக, புதுசு மாதிரியே இருந்தது.

“இதுவா? கல்லு மாதிரி இருந்துச்சே!”

ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் சொன்னார்: “இது என்னிக்குமே கல்லா ஆகலம்மா. கெட்டியா இருந்தது உங்க உறைதான். அதை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம்.”

தஸ்லீம் அதை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். இத்தனை மாசம் இதைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது. இது பாட்டுக்குச் சும்மா கிடந்திருக்கிறது. இறுக்கியது அவள்தான். காக்கிறேன் என்று நினைத்து இறுக்கியதோ, வேண்டாம் என்று இறுக்கியதோ, உடம்பைக் கேட்டால் சொல்லவா போகிறது?

டெஸ்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டுப் பிரித்த அன்று அவள் அழுதாள். ஏலேனைப் பார்த்து வந்தது, தட்டு வைத்துப் பார்த்தது, எதுவும் உதவவில்லை. நன்றாக அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை முடிந்து ஆரிப் வீட்டில் இருந்தார். உள்ளறையில் உடை மாற்றிக்கொண்டிருந்த தஸ்லீம் கண்ணாடியில் எதையோ பார்த்துவிட்டு, “என்னங்க, இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாள்.

தழும்புக்குக் கீழே தோல் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“என்ன அது?” என்று ஆரிப் பதறினார்.

“நெஞ்சு துடிக்குதுங்க. நடுவுல ஒண்ணும் இல்லல்ல, அதான் வெளிய தெரியுது. கை வச்சுப் பாருங்க.”

ஆரிப் கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார். “ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது. நான் தூக்கத்துல கையப் போட்டு அது வெடிச்சிடுமோன்னு எனக்கு பயம். அதான் இத்தினி வருஷமா சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டேன்.”

“ஆறு வருஷமாவா? அது அவ்ளோ லேசுல வெடிக்காதுங்க. நான்கூட வேற என்னென்னவோ நெனைச்சேன். கேட்டிருக்கலாம்ல?”

“இதை எப்படி உன்கிட்ட கேக்கறது?”

அவள் சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்தது. அவர் கையை எடுத்துத் தானே வைத்தாள். உள்ளங்கை பட்டது தோலுக்குத் தெரியவில்லை, அதன் கனம் மட்டும் விலாவில் தெரிந்தது. ஆரிப் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“படுத்தா இன்னும் நல்லாத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியலயே” என்று சொல்லிவிட்டு, பார்த்துவிடலாம் என்று அவள் கட்டிலில் படுத்தாள்.