மூன்று பேரும் குரல் கொடுத்த ரோலர்

யார் யாருடன் சேர்ந்தால் வேலை ஒழுங்காக நடக்கும் என்று கம்ப்யூட்டரையே கற்றுக்கொள்ள வைப்பதுதான் சங்கீதாவின் படிப்பு. சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு ரோலர் மாற்றும் கான்ட்ராக்டர் ஒருவர் அவளை வேலைக்கு வைத்து, தினமும் ஆட்களைக் கேங் கேங்காகப் பிரிப்பதை அவளுடைய புரோகிராமிடம் விட்டுவிட்டார்.

முதலில் ஒவ்வொரு கேங்கின் ஆட்களையும் மொத்தமாக ஒரே முடிச்சாக வைத்துத்தான் எழுதினாள். கம்ப்யூட்டர் திணறியது, முதலாளி அவசரப்படுத்தினார். முடிச்சுகளை இரண்டிரண்டு பேராக வெட்டிவிட்டாள். இரண்டிரண்டாகப் பொருந்துகிறவர்கள் மூன்று பேராகவும் பொருந்துவார்கள் என்று நம்பினாள். யாராக இருந்தாலும் நம்பித்தான் இருப்பார்கள்.

அன்று அவள் புருஷன் அறிவழகனோடு ஜெயராமனையும் சசிகுமாரையும் புரோகிராம் சேர்த்திருந்தது. மூவரும் சேர்ந்து ரோலர் தூக்குவது அதுதான் முதல் தடவை. ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவன் சிரித்தான்.

"சசி கூடன்னா நான்தான் குரல் கொடுப்பேன். ஜெயராமண்ணன் கூடன்னா அவரு கொடுப்பாரு. அவரும் சசியும் போனா, மாப்பிள்ளையாச்சேன்னு சசிக்கு வுட்டுக் கொடுத்துடுவாரு. இன்னிக்கு யாருன்னு தெரியல."

ஆபீஸில் டீயை வாயில் வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருவன் குரல் கொடுக்க, அந்தக் குரலுக்கு மற்றவர்கள் தூக்க வேண்டும். இரண்டு பேருக்குள் குழப்பமே இல்லை. மூவராக நின்றால் குரல் யாருடையது என்பதற்கு முடிவே இல்லை. எத்தனை வருஷம் கற்றுக்கொடுத்தாலும் புரோகிராமுக்கு இது தெரியப்போவதில்லை. தெரிய வேண்டிய இடத்தை அவளே வெட்டிப் போட்டிருந்தாள்.

போன் அடித்தாள். வேலை நேரத்தில் போன்களை ஷெட்டில் பூட்டிவிடுவார்கள். கான்ட்ராக்டரிடம் ஓடி, வேலையை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். மூணு பேரும் பொருத்தம்னு கம்ப்யூட்டர் பச்சை காட்டுதே, என்ன பயம் என்றார். சுரங்கத்துக்குப் போகும் மந்தாரக்குப்பம் பஸ்ஸைக் காணோம். ஷேர் ஆட்டோவில் ஏறி, வழியில் ஆள் ஏற்றாதீர்கள் என்று டிரைவரிடம் அழுதாள்.

போய்ச் சேர்ந்தபோது ரோலர் தரையில் கிடந்தது. அறிவழகனின் வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தார்கள். துண்டு முழுக்க ரத்தம். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அன்று அதைச் சொல்லவில்லை.

யார் குரல் கொடுத்தது என்று கேட்டாள். ஜெயராமன் தலை நிமிரவில்லை.

"மூணு பேருமே கொடுத்தோம்மா. ஆளுக்கொரு நேரத்துல."

ஆம்புலன்ஸில் ஏறியதும் கான்ட்ராக்டரை அழைத்தாள். அந்த புரோகிராம் தப்பு, அதை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள் என்று கத்தினாள்.

"அது அறிவழகன் இடத்துக்கு வேற ஆளப் போட்டுடுச்சேம்மா," என்றார் அவர். "பச்சைதான் காட்டுது. தூக்க ஆரம்பிச்சுட்டாங்க."