கையுறையைக் கழற்றச் சொன்னவள்

படப்பை போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் இருக்கிறது எங்கள் லாண்டரி. வீட்டுத் துணி எடுப்பதில்லை, ஓட்டல் துணி மட்டும்தான். தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில், மேஜைக்கு வெள்ளைத் துணி விரிக்கிற ஓட்டலில் நீங்கள் சாப்பிட்டிருந்தால், மடியில் போட்டுக்கொண்ட நாப்கின் எங்கள் கை பட்டதாக இருக்கலாம். நான் அங்கே சூப்பர்வைசர்.

காலையில் வேன் போய், வெளுத்து மடித்ததை ஓட்டலில் இறக்கிவிட்டு, முந்தின நாள் அழுக்கை மூட்டை மூட்டையாக ஏற்றி வரும். மேஜை விரிப்பு, நாப்கின், சமையல்காரர்களின் கோட்டு, அடுப்படியில் சட்டி பிடிக்கிற துணி எல்லாம் ஒன்றாகத் திணித்திருக்கும். நீளமான மேஜையில் கொட்டி, ஐந்து பெண்கள் அதைப் பிரிப்பார்கள். மஞ்சள் கறை சோப்புத் தண்ணீர் பட்டதும் ரத்தம் மாதிரி சிவந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் துணி போச்சு என்று பதறுவார்கள். அது போய்விடும். கறை எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. துணிக்குள் சுருண்டு வருவதுதான் பிரச்சினை. அடுத்த ஆள் உட்காரக் காத்திருக்கும் அவசரத்தில், ஓட்டல்காரர்கள் விரிப்பின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, மேஜைமேல் இருந்ததோடு சுருட்டிப் போட்டுவிடுவார்கள். முள்கரண்டி, எலும்பு, பல் குச்சி, உடைந்த கண்ணாடித் தம்ளர் எல்லாம் வந்திருக்கின்றன. ஒரு தடவை ஒரு பல்செட்டும் வந்தது.

அந்த ஐந்து பேரில் ஒருவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவர். படப்பை தாண்டி ஒரு ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். மூட்டையைப் பிரிக்கும் முன்பே மோந்து பார்த்து, "நேத்து அந்த ஓட்டல்ல எறா தொக்கு. கூடவே எவனுக்கோ பர்த்துடே, கேக்கு வாசன வருது பாரு" என்பார். சொன்னபடியே இருக்கும். மத்தியானம் நானும் அவரும்தான் சேர்ந்து சாப்பிடுவோம். என்னை அவர் "சூப்பரு" என்பார். அதில் கேலி கொஞ்சம், பிரியம் கொஞ்சம்.

அது முகூர்த்த மாதம். மாடியில் விருந்து ஹால் வைத்திருந்த ஒரு ஓட்டல்தான் எங்களுடைய பெரிய வாடிக்கை. முந்தின நாள் ராத்திரி அங்கே ஒரு ரிசப்ஷன், அன்றைக்கு மத்தியானம் ஒரு நிச்சயதார்த்தம். முந்தின நாள் துணியே மத்தியானத்துக்குத் திரும்பிப் போயாக வேண்டும். மூட்டைகள் வந்து இறங்கும்போதே ஒன்பது மணியாகிவிட்டது.

பிரிக்கிறவர்களுக்குத் தடித்த ரப்பர் கையுறை கொடுத்திருந்தோம். அதைப் போட்டால் கை வேகும். ஒட்டிக்கொண்ட இரண்டு நாப்கினைத் தனியாக எடுக்க வராது. வேகம் பாதியாகக் குறையும். நான் போய் மேஜைத் தலைமாட்டில் நின்றேன்.

"கிளவுஸைக் கழட்டிட்டு மடமடன்னு பிரிங்க. இன்னைக்கு ஒரு நாள்தான்" என்றேன்.

ஒரு நாள் இல்லை. விசேஷம் வருகிற ஒவ்வொரு தடவையும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"முள்ளு கிள்ளு இருந்தா இன்னாம்மா பண்றது?" என்று அக்கா கேட்டார்.

"பாத்துப் பண்ணுங்கக்கா."

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "அம்மா" என்று மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. கபாப் குத்துகிற இரும்புக் கம்பி ஒன்று விரிப்புக்குள் சுருண்டிருந்து, அக்காவின் வலது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் ஓடுவதற்குள் அவரே அதைப் பிடுங்கிவிட்டார். ரத்தம் சொட்டியது. அப்போது நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் பிரித்து வைத்திருந்த நாப்கின்களின்மேல் ரத்தம் படாமல் இருக்க, அவற்றைத் தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் கையைப் பிடித்தேன்.

அக்கா ரத்தம் பட்ட விரிப்பைக் காட்டி, "அத்த பச்சத் தண்ணில போடச் சொல்லு. சுடுதண்ணி பட்டா கறை நின்னுடும்" என்றார்.

பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, ஒரு மணி நேரத்தில் அழைத்து வந்துவிட்டேன். சாயங்காலம் வரை இடது கையால் நாப்கின் அடுக்கிக் கொடுத்தார். லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டல் மேனேஜர் போன் பண்ணி எனக்கு நன்றிகூடச் சொன்னார்.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. மூன்றாம் நாள் மணிக்கட்டு வரை வீங்கிக் காய்ச்சல் வந்தது. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் போராடிப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கம்பியைக் கழுவி ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு அந்த ஓட்டலுக்குப் போனேன். மேனேஜர் ஏசி அறையில் உட்கார வைத்தார்.

"மேடம், இது எங்க கம்பின்னு எப்படிச் சொல்றீங்க? எல்லா ஓட்டல்லயும் இதே டைப்தான்."

"மூட்டை உங்களோடது சார். டேக் இருக்கு."

அவர் கம்பியைத் தொடவில்லை. "சரி, உங்க ஆளு கிளவுஸ் போட்டிருந்தாங்களா?" என்றார்.

நான் கம்பியைத் திரும்பவும் காகிதத்தில் சுற்றினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. காபி வரவழைத்துக் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். நன்றாகத்தான் இருந்தது, கடைசிவரை குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் முதலாளி கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய் வந்தவர்.

"ஓட்டல் மேனேஜர் போன் பண்ணாரு. அந்த ஓட்டல் போயிட்டா நமக்குப் பாதி வேலை இல்லம்மா. ஆனா ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல எழுதித்தான் ஆகணும். கிளவுஸ் கொடுத்திருந்தோம், அவங்க போடலன்னு எழுதிடுங்க. பொய் இல்லையே அது?"

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லைதான். 'வழங்கப்பட்ட கையுறையை அணியாமல் பணி செய்ததால்' என்று எழுதினேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அடித்து அடித்துப் பழக்கிய கையெழுத்து. அந்தப் பக்கத்தில் முத்து முத்தாக இருந்தது. ஏன் எழுதினேன் என்பதற்குப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பிற்பாடு நிறையத் தேடியிருக்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. நிஜத்தை எழுதினால் அதில் நான் இருப்பேன். அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்த பிறகு அக்கா வந்தார். முந்தானையால் கையை மூடியிருந்தார். மடிக்கிற பக்கம் ஏதாவது வேலை கொடுங்கள், இடது கை நன்றாகத்தான் இருக்கிறது என்று கேட்டார். முதலாளி சங்கடப்பட்டுக்கொண்டே ரெஜிஸ்டரைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்க கிளவுஸ் போடாததால ஆனதுன்னு இதுல இருக்கு. மறுபடியும் எடுத்தா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும்."

அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்த ஒரு வரியைப் படித்து முடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்திலேயே நின்றேன். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீதானம்மா கயட்டச் சொன்ன?"

முதலாளியும் என்னைப் பார்த்தார். பிரிக்கிற மேஜையில் மற்ற நாலு பேரும் தலை நிமிரவில்லை. அவர்கள் எல்லோரும் அன்றைக்குக் கேட்டவர்கள்தான்.

"நான் பாத்துப் பண்ணச் சொன்னேங்க்கா" என்றேன்.

அவர் இன்னொரு தடவை அந்த வரியைப் பார்த்தார். பிறகு, "ஆமா. பாத்துப் பண்ணச் சொன்ன" என்றார். இடது கையால் ரெஜிஸ்டரை மூடி, முதலாளி பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அந்த நாலு பேரும் சாப்பாட்டு வேளையில் பாய்லர் அறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். என்னைக் கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் ஆபீஸ் மேஜையில் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

எந்த ஓட்டலுக்காக அப்படி எழுதினோமோ அது ஒரு வருஷம்கூட எங்களோடு இருக்கவில்லை. ஹாலைப் புதுப்பித்து மேஜைக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டார்கள், நாப்கினுக்குப் பதில் காகிதம். மேனேஜர் அதைப் போனில்கூடச் சொல்லவில்லை, வாட்ஸப்பில் இரண்டு வரி அனுப்பினார். முதலாளி அதைப் படித்துவிட்டு என்னிடம் போனை நீட்டினார். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

போன பொங்கலுக்கு முன்னால் பெருங்களத்தூரில் அக்காவைப் பார்த்தேன். ஊருக்குப் போகிற கூட்டம் ரோடு முழுக்க நின்றது. அங்கே ஒரு அபார்ட்மென்டில் இரண்டு வீட்டில் வேலை செய்வதாகச் சொன்னார். பாத்திரம் தேய்ப்பதில்லையாம், பெருக்கித் துடைப்பது மட்டும். என் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். சர்க்கரை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். மாத்திரை போடுகிறேன் என்றார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"இன்னும் அங்கதான் கீறியா?" என்றார்.

"ஆமாக்கா."

"ம்" என்றார். தாம்பரம் போகிற பஸ் வந்தது. அவர் போகிற பஸ்தான், நான் போக வேண்டியதும் அதுவே. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, உள்ளே போனார். நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.