அம்மா உச்சுக்கொட்டிய திங்கட்கிழமை

அம்மா போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. பெயர் மதிவதனி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து வரும் ஈரப் பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி, பஞ்சால் துடைத்து, பலகையில் காயவைக்க வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஜார்க்கண்டிலிருந்து சுக்மதி வந்தாள். அம்மாவைவிட நாலு வயது இளையவள். சூளையில் பொம்மை அடுக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அம்மா அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். ஆறே மாதத்தில், கண்டக்டரோடு சண்டை போடும் அளவுக்குப் பேசினாள்.

ஒரு திங்கட்கிழமை, பலகையில் இருந்த பிள்ளையார்களைக் காட்டி, காய்ந்துவிட்டதா என்று சுக்மதி கேட்டாள். அம்மா நிமிராமல் உச்சுக்கொட்டினாள். எங்கள் பக்கம் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். சுக்மதி ஊரில் அது வெறும் சலிப்பு. இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்று அக்கா அலுத்துக்கொள்வதாக நினைத்து, எடுத்து அடுக்கிவிட்டாள். ஈர மண் சூளையில் வெடித்தது. ஒன்றும் தேறவில்லை.

முதலாளி மாணிக்கவேல் அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னார். அவள் மகளின் நர்சிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அவ கேட்டாளுங்க. நான்தான் வாயைத் தொறந்து சொல்லல. தப்பு என்னுதுங்க."

சனிக்கிழமை முடிவு சொல்வதாகவும், அதுவரை சுக்மதி சூளைப் பக்கம் போகாமல் கூட்டிப் பெருக்கட்டும் என்றும் சொன்னார்.

நான் அப்போது லீவில் வந்திருந்தேன். கருவிகள் அனுப்பும் சிக்னல் சரியாக வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. அம்மா என்னைச் சமையலறையில் உட்காரவைத்து, தான் வாய் திறக்காமல் என்னென்ன சொல்கிறாள் என்று எழுதச் சொன்னாள். முகவாயைத் தூக்கினால் 'என்ன?'. கையை விரித்தால் 'தீர்ந்துபோச்சு'. தலையை ஒருபக்கம் சாய்த்தால் 'சரி'. ஒரு மாலையில் இருபத்து மூன்று.

"நான் எங்கடா இவ்வளவு ஆட்டினேன்?" என்றாள், தலையை ஆட்டிக்கொண்டே. இருபத்து நான்கு.

அந்தப் பட்டியல் என் போனில் இருக்கிறது. அம்மா போன பிறகு இன்னும் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பேச்சே இல்லை. அம்மா செய்து காட்டுவாள், சுக்மதி அர்த்தம் சொல்வாள். பிறகு சுக்மதி தன் ஊர்ச் சைகைகளைச் செய்வாள். அதில் அம்மா தோற்றதுதான் அதிகமாம்.

சனிக்கிழமை இருவரும் மாணிக்கவேல் முன் நின்றார்கள். அவர் போனில் யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்தார். தலையை ஒருமுறை சாய்த்தார். பேச்சைத் தொடர்ந்தார்.

அம்மா பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். சுக்மதி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கக்கா. சரின்னுட்டாங்க. நான் சூளைக்குப் போறேன்."